துறைக்கு வராத மாணவி

மூங்கிலாற்றங்கரைக் காட்டில் ஒரு கரடி வைத்தியர் இருந்தார். எந்த இலை காய்ச்சலுக்கு, எந்தப் பட்டை வயிற்றுக் கடுப்புக்கு என்று அவர் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படிக்க வெளிக்காடுகளிலிருந்தும் மிருகங்கள் வந்தன.

ஒரு வருடம், மாணவன் என்று சொல்லிக்கொண்டு ஒரு நரி வந்தது. சில நாள் பாடம் கேட்டது. மான்கள் தங்கள் குட்டிகளை எங்கே விட்டுவிட்டு மேயப் போகின்றன என்று தெரிந்துகொண்டது. பிறகு ஒரு விடியற்காலையில் தன் கூட்டத்தையே அழைத்து வந்தது. அன்று ஐந்தாறு குட்டிகள் செத்தன.

அதன் பிறகுதான் காட்டின் தலைவியான யானை சட்டம் போட்டது. வெளிக்காட்டு மாணவர் யாராக இருந்தாலும், உள்ளூர் மிருகம் ஒன்று அவருக்குப் பொறுப்பேற்க வேண்டும். தினமும் காலையில் ஆற்றுத் துறைக்கு வந்து காவல் நாரையிடம் முகம் காட்ட வேண்டும். ஒரு நாள் வராவிட்டாலும் சேர்க்கை ரத்து. காட்டை விட்டுப் போய்விட வேண்டும்.

காவல் நாரையின் பெயர் நெட்டையன். அவன் கண்டிப்பானவன். செத்துப்போன குட்டிகளை அவனும் பார்த்திருந்தான்.

அந்த மழைக்காலத்தில் வேலாயி என்ற முள்ளம்பன்றி படிக்க வந்தாள். அவள் ஊர் தூரத்து வறண்ட குன்று. அங்கே கோடைக் காய்ச்சலில் அவளுடைய தம்பி உட்படப் பல குட்டிகள் இறந்துபோயிருந்தன. கூடப் படித்த உள்ளூர் மலையணில் சுருளி அவளுக்குப் பொறுப்பேற்றது.

"உடம்பெல்லாம் முள்ளாக இருக்கிறதே, எதற்கு?" என்று முதல் நாளே நெட்டையன் கேட்டான்.

"பிறவியிலேயே அப்படித்தான் ஐயா."

"இங்கே யாரையும் குத்திவிடாதே."

"சரி ஐயா."

வேலாயி ஒரு நாள்கூடத் தவறியதில்லை. கொட்டுகிற மழையிலும் துறைக்கு வந்து நிற்பாள். நெட்டையன் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "ம், போ" என்பான். அதற்கு மேல் அவளிடம் அவன் எதுவும் பேசியதில்லை.

ஒரு மாலை, காய்ச்சலுக்கான பட்டை எடுத்துவர மலைச்சரிவுக்குப் போனாள். அன்று மழை விடாமல் பெய்தது. மறுநாள் காலை அவள் துறைக்கு வரவில்லை.

வெயில் ஏறும்வரை நெட்டையன் காத்திருந்தான். பிறகு மரக்கிளையில் ஏறி நின்று அறிவித்தான். "முள்ளம்பன்றி வேலாயியின் சேர்க்கை ரத்து. இனி அவளை யார் பார்த்தாலும் எல்லைக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும்."

"அப்போதே நினைத்தேன்" என்றது ஒரு மான். "இன்று இரவு எங்கள் குட்டிகளுக்குக் காவல் போடுங்கள்."

சுருளி ஓடி வந்தது. "அவள் மலைச்சரிவுக்குப் போனாள் அண்ணே. இன்னும் திரும்பவில்லை. தேட வேண்டாமா?"

"தேடச் சொல்லிச் சட்டத்தில் இல்லை. வராவிட்டால் ரத்து. அவ்வளவுதான்."

சுருளி நேராக யானையிடம் போய் நடந்ததைச் சொன்னது. யானை நெட்டையனை வரவழைத்தது.

"தினமும் அவளைப் பார்க்கச் சொன்னேனே, எதற்காக?"

"வெளியார் யார் எங்கே இருக்கிறார் என்று நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, தாயே."

"இப்போது அவள் எங்கே?"

"துறைக்கு வரவில்லை, தாயே."

"ஓடிப்போனாளா, செத்துப்போனாளா?"

"தெரியாது, தாயே."

யானை மலைச்சரிவை நோக்கித் திரும்பியது. பிறகு, "உன்மேல் மட்டும் தப்பில்லை. சட்டம் போட்டவள் நான். வராவிட்டால் துரத்து என்று சொன்னேன். ஏன் வரவில்லை என்று பார்க்கச் சொல்ல மறந்துவிட்டேன். கிளம்பு, போய்ப் பார்ப்போம்" என்றது.

நெட்டையன் பறந்தான். மலைச்சரிவில் ஓரிடத்தில் மண்ணும் ஒரு பாறையும் சரிந்து கிடந்தன. தாழப் பறந்து பார்த்தான். சேற்றுக்கு வெளியே நான்கைந்து முட்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவன் போட்ட சத்தத்தில் யானை ஓட்டமாக வந்து பாறையைப் புரட்டியது. பின்னாலேயே ஓடி வந்த சுருளியும் கரடி வைத்தியரும் கையாலேயே சேற்றை அள்ளினார்கள்.

வேலாயிக்கு உயிர் இருந்தது. பின்னங்கால் ஒன்று நசுங்கியிருந்தது. கண்ணைத் திறந்தவள் முதலில் பார்த்தது நெட்டையனைத்தான்.

"ஐயா, இன்று துறைக்கு வர முடியவில்லை" என்றாள். "நான் ஊருக்குப் போய்விட வேண்டுமா? இன்னும் பாதிப் பாடம்கூட முடியவில்லை."

நெட்டையன் குனிந்து அவள் முகத்தில் இருந்த சேற்றை அலகால் துடைத்தான். "நீ எங்கேயும் போக வேண்டாம் அம்மா" என்று மட்டும் சொன்னான்.

கால் ஆறும்வரை வேலாயி கரடியின் குகையிலேயே படித்தாள். நெட்டையன் தினமும் காலையில் அங்கே வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனான்.

காட்டில் கூட்டம் கூடியது. துறையில் முகம் காட்டும் சட்டத்தையே எடுத்துவிடலாம் என்று சுருளி சொன்னது. மான்கள் ஒத்துக்கொள்ளவில்லை. குட்டிகளை இழந்த பயம் அவற்றுக்கு இன்னும் போகவில்லை. யானை வேலாயியையே கேட்டது.

"சட்டம் இருக்கட்டும், தாயே" என்றாள் வேலாயி. "நான் வரவில்லை என்பது ஒருவருக்காவது தெரிந்ததால்தான் பிழைத்தேன். என் குன்றில் நான் காணாமல் போனால் அம்மா தேடுவாள். இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்?"

மான்கள் தலைகுனிந்து நின்றன. யானை சட்டத்தில் ஒன்றை மாற்றியது. வெளிக்காட்டு மாணவர் ஒருவர் வராவிட்டால் காவலர் முதலில் அவரைத் தேடிப் போக வேண்டும். என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அதன் பிறகுதான் தீர்ப்பு.

நம்மை நம்பிப் படிக்க வந்தவரைக் கண்காணிக்கும் உரிமை நமக்கு உண்டென்றால், அவரைக் காப்பாற்றும் கடமையும் நமக்கே உண்டு.