சார்ஜ் நிற்காத போன்

மலைமேல் ஒரு மடம். மடத்தில் ஒரு குரு. குரு என்றதும் தாடியையும் தண்டத்தையும் தேடாதீர்கள், அது ஒரு அம்மா. உலகம்மை என்று பெயர். நாற்பத்தைந்து வயது இருக்கும். சீடர் ஒருவர் உண்டு, சிவசைலம் என்று பெயர், அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார். அதில் இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை. நமக்கு எதற்கு?

நான் அமாவாசைக்கு அமாவாசை அந்த மடத்துக்கு அரிசி பருப்பு சுமந்துகொண்டு போகிறவன். அவ்வளவு தூரம் மூச்சு வாங்க ஏறிவிட்டு நாலு வார்த்தை பேசாமல் இறங்க என்னால் ஆகாது. இதில் பாதி நான் பார்த்தது, பாதி அங்கே உட்கார்ந்து கேட்டது.

மடத்தில் ஒரு பழக்கம் உண்டு. பூசை முடிந்து பொழுது சாயும் நேரத்தில் இறங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு டார்ச் லைட் கொடுத்தனுப்புவார்கள். அவர்கள் அதை அடிவாரத்து டீக்கடையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். மேலே திரும்பக் கொண்டு சேர்ப்பது என் பாடு. டார்ச்சுக்குள் போடுகிற செல்லெல்லாம் சார்ஜ் ஏற்றுகிற செல். கூரையில் இருக்கும் சோலார் தகட்டில் இருந்து கரண்ட் வரும். சிவசைலம் வந்து சேர்ந்ததும் உலகம்மை அவருக்குக் கொடுத்த வேலை அதுதான். தியானம் சொல்லிக்கொடுப்பார் என்று வந்த மனுஷனுக்கு ஒரு கூடை செல்.

முதல் நாள் அவர் என்ன செய்தார் தெரியுமா? தீர்ந்த செல்லையெல்லாம் பாறைமேல் துண்டு விரித்து வெயிலில் காயப்போட்டார், வடகம் காயப்போடுகிற மாதிரி. வீட்டில் அப்படித்தான் செய்வார்களாம், இரண்டு நாள் கூட ஓடுமாம். உலகம்மை சிரித்துவிட்டார். பிறகு, இது வெயிலுக்கு உசுர் வருகிற சாதி இல்லை, சூடு பட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று சொல்லி, தானே பொறுக்கி உள்ளே எடுத்து வைத்தார்.

அடுத்த அமாவாசைக்கு நான் இறங்கும்போது என் கையில் இருந்த டார்ச் பாதி வழியில் மங்கி நின்றுவிட்டது. கல் தடுக்கி முழங்கால் போயிற்று. மறுமுறை ஏறினபோது சிவசைலத்தைப் பிடித்துக் கேட்டேன். அவர் பாவம், பழைய செல் ஒன்றும் புதுசு ஒன்றுமாகச் சேர்த்துப் போட்டிருக்கிறார். புதுசு கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும் என்று கணக்கு.

உலகம்மை ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. கலர் நூல்கண்டுகளை எடுத்து வந்து, ஒன்றாக வாங்கின செல் இரண்டிரண்டாக எடுத்து, ஜோடிக்கு ஒரு கலர் நூல் சுற்றினார். பச்சையோடு பச்சை, சிவப்போடு சிவப்பு.

"பழசைப் புதுசு தூக்கி நிறுத்தாது அண்ணாச்சி. பழசு அதையும் இழுத்துக்கிட்டுப் போயிரும். சேந்து உழைச்சது சேந்தே இருக்கட்டும்."

"ஜோடியில ஒண்ணு போயிட்டா?"

"மத்ததைத் தனியா எடுத்து வைக்கணும். ஒத்தைச் செல்லுல ஓடுற சாமானும் இருக்கு."

அன்றைக்குச் சிவசைலம் சாப்பிட வரவில்லை.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சிவசைலம். மனைவி செண்பகம் தவறிப்போய்விட்டார். ஒரே மகள் ஆவுடை, நாக்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவள், பீரோவில் இருந்த சேலைகளை எடுத்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டாள். இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனசோடு செய்ததுதான். இவர் பொறுக்காமல் சம்பந்தி வீட்டார் முன்னால் கத்திவிட்டார். உன் அம்மா வாசத்தைக்கூட எனக்கு விட்டுவைக்கக் கூடாதா என்றாராம். அவள் அழுதுகொண்டே ரயில் ஏறினாள். தப்பு அவள்மேல், அவள்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று இவர் வீம்பாக இருந்தார். வெறும் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்தார். முடியவில்லை. பட்டன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலை ஏறிவிட்டார்.

அந்தப் போன்தான் அவருக்குத் தீராத வியாதி. சார்ஜ் நிற்காது. காலையில் முழுசாக ஏற்றி வைப்பார், சாயங்காலத்துக்குள் பாதி போய்விடும், மறுநாள் விடிந்தால் செத்துக் கிடக்கும். சிறுபிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி நாழிகைக்கொரு தரம் எடுத்துப் பார்ப்பார். போகப்போக, சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை அணைத்தே வைக்க ஆரம்பித்தார். காலையில் கொஞ்ச நேரம் போடுவார், பார்ப்பார், மறுபடி அணைத்துவிடுவார்.

கீழே போய் சார்ஜர் வாங்கி வரச்சொல்லி என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! கடைக்காரன், இது வேகமாக ஏற்றும் அண்ணே என்று ஒன்றைத் தலையில் கட்டினான். அது இட்லிக் கொப்பரை மாதிரி கொதித்தது. அடுத்த தடவை வயரை மாற்றினோம். அப்புறம் பேட்டரி. சில சமயம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவார். எதில் கோளாறு என்று எப்படித் தெரியும்? கடைக்காரன் என்னைப் பார்த்தாலே, என்ன, மடத்துப் போனா என்று சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. எனக்கும் சலித்துப்போயிற்று. ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தால் முடியாது என்று சொல்ல வாய் வராது.

ஒரு நாள் அவர் உலகம்மையிடமே கேட்டுவிட்டார்.

"அம்மா, இந்தப் பேட்டரி நிக்க என்ன வழி?"

"எதுக்கு நிக்கணும்?"

"மக கூப்பிடுத நேரம் செத்துக் கிடந்துதுன்னா?"

உலகம்மை அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். போனை வாங்கிப் பார்த்தார். சார்ஜர் முனை சொருகுகிற வாயில் அழுக்கு இருந்தது, ஊதித் துடைத்தார். பிறகு சொன்னார்.

"நீங்க எல்லாத்தையும் ஒண்ணா மாத்துதிய. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. மத்ததை இருந்த மாதிரியே விடுங்க. அப்பதான் கோளாறு தன்னால வெளிய வரும்."

மடத்துக்கும் அதே மாதிரி ஒரு பட்டன் போன் உண்டு. அது கிணற்றுக்கு மேலே இருக்கிற பாறையில், குரங்குக்குப் பயந்து இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும். டவர் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும். வாரம் முழுக்கச் சார்ஜ் நிற்கும். சிவசைலத்தின் சார்ஜரை அந்தப் போனில் சொருகிப் பார்த்தார்கள். நன்றாக ஏறியது. வயரும் சரி. பிறகு பேட்டரியை மட்டும் இடம் மாற்றிப் போட்டார்கள். சிவசைலத்தின் பேட்டரி பாறையில் கிடந்த மடத்துப் போனில் ஒரு குறையும் இல்லாமல் நின்றது. மடத்துப் பேட்டரி சிவசைலத்தின் அறையில், அணைக்காமல் வைத்த அவர் போனுக்குள், மறுநாள் விடிவதற்குள் செத்துப்போயிற்று.

கடைசியில் அவர் போனையே, அவர் பேட்டரியோடு, கொண்டுபோய்ப் பாறையில் மடத்துப் போனுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார் உலகம்மை. அங்கேயும் அணைக்கக் கூடாது என்றார். அது நின்றது. மூன்றாம் நாளும் நின்றது.

சிவசைலத்துக்குப் புரியவில்லை. "அப்போ கோளாறு எதுல?"

"ஒண்ணுலயும் இல்ல. உங்க அறைச் சுவர் அத்தனை தடிச்ச கல்லு. உள்ள டவர் சரியா எட்டல. எங்க இருக்கே, எங்க இருக்கேன்னு அது நாள் பூரா தேடுது. தேடியே தீந்துபோகுது."

அவர் தலை குனிந்துகொண்டார். அம்மா போனைப் பற்றித்தான் சொன்னார். இருந்தாலும் அது தன்னைச் சொன்ன மாதிரி இருந்தது என்று என்னிடம் பிறகு சொன்னார்.

அடுத்த தடவை நான் ஏறினபோது சாரல் பிடித்திருந்தது. மலை முழுக்க மேகம். ஏறி வந்த ஆட்களும் குறைவு. சிவசைலம் குடையைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் டப்பா. டப்பாவுக்குள் இரண்டு போன். என்ன அண்ணாச்சி, சார்ஜ் நிக்குதா என்று கேட்டேன். நிக்குது என்றார். சந்தோஷம்தானே என்றேன். அவர் குடையை டப்பாவின் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

எனக்கு அப்போது கோபம்கூட வந்தது. இத்தனை சார்ஜருக்கும் பேட்டரிக்கும் ஏறி இறங்கினேனே, நன்றாகிவிட்டது என்று முகம் மலர வேண்டாமா? இவரோ முன்னைவிட இளைத்துப்போயிருந்தார். செல்லுக்கு நூல் சுற்றுகிற வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தார். மற்ற நேரமெல்லாம் பாறை. டப்பாவைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார். டவர் முழுசாக இருக்கும். சார்ஜ் முழுசாக இருக்கும். வேறொன்றும் இருக்காது.

அன்றைக்குப் பூசை முடிந்து இலை போட்டாயிற்று. உலகம்மை அவரைக் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வரச்சொன்னார். அவர் போனதும் அம்மா பின்வழியாகப் பாறைக்கு ஏறினார். எனக்கு எதற்கென்று தெரியவில்லை. நானும் பின்னால் போனேன்.

போன் அடித்தது.

சிவசைலத்தின் போன் அடித்து நான் கேட்டதே இல்லை. சாரலில் அந்தச் சத்தம் மலை முழுக்கக் கேட்டது. கீழே குடம் கல்லில் விழுந்து உருளுகிற சத்தமும் கேட்டது. அறுபது தாண்டின மனுஷன் வழுக்குப் பாறையில் கையூன்றி, ஏறி, வேட்டியெல்லாம் சேறாக ஓடி வந்தார். வந்தவருக்கு மூச்சு இரைத்தது. ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"ஆவுடையா?"

உலகம்மை கையில் மடத்துப் போன் இருந்தது. அவர் அதை நிறுத்தினார். டப்பாவில் அடித்துக்கொண்டிருந்த போனும் நின்றது.

"நான்தான் அண்ணாச்சி. கூப்பிட்டா வருதான்னு பாத்தேன்."

சிவசைலம் அப்படியே ஈரப்பாறையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அம்மாமேல் ஆத்திரமாக வந்தது. இப்படியா ஒரு மனுஷனைச் சோதிப்பது? வாயைத் திறக்கப் போனேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டேன்.

சிவசைலம்தான் முதலில் பேசினார்.

"போனை என் அறைக்கே எடுத்துட்டுப் போயிருதேன் அம்மா."

"அங்க நிக்காதே."

"நிக்க வேண்டாம்."

"ஏன்?"

அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். சாரல் தண்ணீரா கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை.

"அது கெட்டுக் கிடந்தப்ப ஒரு நிம்மதி இருந்துது. அவ கூப்பிட்டிருப்பா, இங்க செத்துக் கிடந்திருக்கும், கிடைச்சிருக்காதுன்னு நினைச்சுக்கிடுவேன். நீங்க எல்லாத்தையும் சரி பண்ணிட்டிய. இப்போ அப்படி நினைக்கவும் வழியில்ல. அவ கூப்பிடல. அவ்வளவுதான். எனக்கு யாரும் இல்ல அம்மா."

உலகம்மை அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டப்பாவில் இருந்து அவர் போனை எடுத்தார். ஈரத்தைத் தன் முந்தானையில் துடைத்தார். அவர் கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்தார்.

"சார்ஜரை மாத்திப் பாத்தாச்சு. வயரை மாத்திப் பாத்தாச்சு. பேட்டரியையும் மாத்தியாச்சு, இடத்தையும் மாத்தியாச்சு. கூப்பிடுத ஆளை மட்டும் இன்னும் மாத்திப் பாக்கல அண்ணாச்சி."