பெரிய கொம்புக்குப் பெரிய குடுவை

இலுப்பைக் காட்டில் சடையன் என்றொரு கரடி இருந்தது. இலுப்பைப் பூவைப் பொறுக்கி, பாறைக்குழியில் ஊறப்போட்டு, கள் இறக்குவதில் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்படி ஒரு கைப்பக்குவம்!

கள் இறக்கினால் மட்டும் போதுமா? குடிக்கிறவர் வாய்க்குப் போய்ச் சேர வேண்டாமா? அங்கேதான் வில்லங்கம். அந்தக் காட்டில் ஒரு சட்டம் இருந்தது. கள் இறக்குகிறவர் யாருக்கும் நேரே கொடுக்கக் கூடாது. எல்லாக் குடுவையும் ஆற்றங்கரைக் கிடங்குக்குப் போக வேண்டும். அங்கே கூரி என்கிற முள்ளம்பன்றி உட்கார்ந்திருக்கும். வாங்க வருகிறவர் முகத்தை மேலும் கீழும் பார்க்கும். வளர்ந்தவர் என்றால் குடுவையைக் கொடுக்கும். குட்டி என்றால், "போ, போய் அம்மாகிட்ட பால் குடி!" என்று முள்ளைச் சிலிர்த்து விரட்டிவிடும்.

கூரி சும்மா உட்காருமா? குடுவைக்கு ஒரு வாய் அதன் பங்கு. பங்கைக் குடித்துவிட்டு ஒரு தூக்கம் வேறு போடும். வாசலில் வரிசை நிற்கும். உள்ளே கள் புளித்துக்கொண்டிருக்கும். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த புள்ளிமான்களுக்கு அது போய்ச் சேர நாலு நாளாகும்.

"சடையன் கள்ளா? ஐயோ, அது காடி!" என்று அக்கரைக் கலைமான்கள் மூஞ்சியைச் சுளித்தன.

இது சடையன் காதில் விழுந்தது. பாவம், அது அன்றைக்கு முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. தான் இறக்கிய கள்ளை இறக்கிய ருசியோடு யாராவது குடித்து, "நல்லா இருக்குய்யா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு இருந்த ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

காலையில் பூப் பொறுக்கும்போது ஒரு பெண்மானும் அதன் குட்டியும் ஆற்றைக் கடந்து வரும். குட்டியின் பெயர் குருத்து. அம்மா பூ மேய்ந்துகொண்டிருக்க, குட்டி சடையன் காலையே சுற்றிச் சுற்றி வரும்.

"மாமா, ஒரே ஒரு வாய் குடும்மா... இல்ல, குடு மாமா!"

"அட போடா! உனக்குக் கொம்பு முளைக்கணும். முளைச்சது உதிரணும். அப்புறம் வா, குடுவையோட தரேன்."

"எல்லாரும் காடின்னு சொல்றாங்க மாமா. நான் குடிச்சுப் பார்த்து, இல்ல, நல்லா இருக்குன்னு போய்ச் சொல்றேன்!"

சடையன் சிரித்துவிட்டது. அதன் கண் கலங்கியதைக் குட்டி கவனிக்கவில்லை. அந்தக் குட்டி மேல் கரடிக்கு அப்படி ஒரு பாசம்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சடையன் காட்டுச் சபைக்குப் போனது. சபைக்குத் தலைமை பேராச்சி என்ற யானை.

"ஆச்சி! சட்டத்தை மாத்துங்க! என் கள்ளை நானே நேரா அனுப்பிக்கிறேன். தூக்கிட்டுப் போக நாரை இருக்கு. காலையில இறக்கினா மத்தியானம் அக்கரையில இருக்கும்!"

"சடையா, அந்தச் சட்டம் எதுக்கு வந்துச்சுன்னு தெரியுமா?" என்று பேராச்சி கேட்டது. "முன்னே ஒரு காலத்துல ஒரு குட்டி குடிச்சுட்டு மடுவுல விழுந்து செத்துச்சு. அதுக்கு வந்தது."

"என் கள் ஒரு குட்டி வாயிலயும் படாது ஆச்சி! அதுக்கு நான் பொறுப்பு!"

"அப்படின்னா ஒரு நிபந்தனை. கொண்டுபோற நாரை, குடிக்கப் போறவர் முகத்தைப் பார்த்துத்தான் கொடுக்கணும். ஆள் இல்லேன்னா குடுவை திரும்பி வரணும். சம்மதமா?"

"சம்மதம் ஆச்சி!"

சபை சட்டத்தை மாற்றியது. கூரி மூலையில் உட்கார்ந்து முணுமுணுத்தது. ஒரு வாய்க் கள் போன வயிற்றெரிச்சல் என்று எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கூரியின் யோக்கியதை அப்படி.

முதல் பத்து நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பதினோராம் நாள் நாரை சலித்துக்கொண்டது.

"என்னால முடியாது சாமி! கலைமானுங்க கொம்பு உதிர்த்திருக்கு. வெக்கப்பட்டுக்கிட்டு புதருக்குள்ள ஒளிஞ்சிருக்கு. முகத்தைக் காட்டச் சொன்னா காட்ட மாட்டேங்குது. ஒவ்வொருத்தருக்கும் அரை நாள் நிக்கிறேன். எனக்குக் கால் வலிக்காதா?"

"அதுக்குள்ள கள் புளிச்சுருமே!" என்று சடையன் பதறியது.

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தது. பிறகு துள்ளிக் குதித்தது. "இப்படிச் செய்வோம்! கள் வேணும்கிறவர் உதிர்ந்த கொம்பை அக்கரைப் பாறையில வைக்கட்டும். கொம்பு உதிர்ந்தா வளர்ந்தவர்தானே? கொம்பை எடுத்துட்டு வா. குடுவையை அங்கேயே கிளையில மாட்டிட்டு வந்துடு. முகம் எதுக்கு?"

இந்தச் சேதி கூரிக்கு எட்டியது. முள்ளெல்லாம் கலகலக்க அது ஓடி வந்தது.

"ஏய் சடையா, உனக்கு மூளை இருக்கா? உதிர்ந்த கொம்பு காடு பூரா கிடக்குடா! நான் தினமும் அதைத்தான் பொறுக்கிக் கொறிக்கிறேன். என் பொந்து முழுக்கக் கொம்பு! அதுக்காக நான் கலைமான் ஆயிட்டேனா?"

"உன் பங்கு போச்சுன்னு எரியுது உனக்கு! போய் வேற வேலை பாரு!"

"எரியுதுதான். இல்லேன்னு சொல்லலை. ஆனாலும் சொல்றேன், முகத்தைப் பாரு!"

சடையன் முதுகைத் திருப்பிக்கொண்டது. கெட்டவன் சொன்னால் நல்லதும் கெட்டதாகத்தானே கேட்கிறது!

அன்றிலிருந்து வியாபாரம் பறந்தது. பாறையில் கொம்பு, கிளையில் குடுவை. சடையன் கள் காடி இல்லை, தேன் என்று அக்கரையே பேசியது. ஆனால் அந்தப் பேச்சை நாரை வந்து சொல்லித்தான் சடையன் கேட்டது. குடித்தவர் வாயால் கேட்க அதற்கு நேரமே இல்லை. பூ மேய வரும் குட்டியோடு பேசவும் நேரமில்லை. "அப்புறம் வாடா, மாமாவுக்கு வேலை இருக்கு!" என்று விரட்டியது.

குருத்து என்ன செய்தது தெரியுமா? ஒரு காலை, புல்வெளி ஓரத்தில் ஒரு பெரிய கொம்பு கிடந்ததைப் பார்த்தது. எந்தக் கலைமானோ உதிர்த்துவிட்டுப் போனது. தன் உடம்பை விட நீளமான அந்தக் கொம்பை வாயால் கவ்வி, இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடியும் இழுத்துக் கொண்டுபோய்ப் பாறையில் வைத்தது. குட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா சொன்ன கொம்பு இதோ! மாமா சொன்னபடி உதிர்ந்தும் விட்டது!

நாரை அந்தக் கொம்பைப் பார்த்து அசந்துபோனது. பறந்து வந்து சடையன் முன்னால் போட்டது.

"அடேயப்பா! எத்தனை கிளை! இதைச் சுமந்தவர் பெரிய கலைமானா இருக்கணும்!" என்று சடையன் வாயைப் பிளந்தது. "பெரியவருக்குச் சின்னக் குடுவை கொடுத்தா மரியாதையா இருக்குமா? பெரிய கொம்புக்குப் பெரிய குடுவை! பாறைக்குழி அடியில நின்ன முதல் தரக் கள்ளை எடுத்துட்டுப் போ!"

பெரிய குடுவை, உச்சிவேளைக்கு முன்பே கிளையில் தொங்கியது.

மறுநாள் காலையில் சடையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அத்தனை பெரிய கலைமான் தன் கள்ளைக் குடித்திருக்கிறது. என்ன சொல்லியிருக்கும்? அதன் வாயாலேயே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். வேலையைப் போட்டுவிட்டு ஆற்றை நீந்தி அக்கரை ஏறியது.

மான்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடி நின்றன. ஒன்றும் மேயவில்லை.

"என்னப்பா, எல்லாரும் ஒண்ணா நிக்கிறீங்க?" என்று சடையன் உற்சாகமாகக் கேட்டது. "யாரு அந்தப் பெரிய கொம்புக்காரர்? நேத்து கள் எப்படி இருந்துச்சு? புளிப்பு இல்லையே?"

கூட்டம் விலகி வழிவிட்டது. குருத்தின் அம்மா வெளியே வந்தது.

"இனிப்பா இருந்துச்சாம்," என்றது.

"யாரு சொன்னாங்க?"

"என் குட்டி. 'அம்மா, சடையன் மாமா கள் காடி இல்ல, இனிப்பா இருக்கு, எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்'னு சொல்லிட்டுத் தள்ளாடித் தள்ளாடி புல்வெளிக்கு நடுவுல போனான். அப்போ செந்நாய்க் கூட்டம் வந்துச்சு. நாங்க எல்லாரும் ஓடினோம். அவனும் ஓடத்தான் பார்த்தான். கால் மடங்கி மடங்கி விழுந்தான். எழுந்திருக்கத் தெரியலை அவனுக்கு."

சடையன் உளறியது. "கொம்பு... கொம்பு வந்துச்சே! பெரிய கொம்பு! நான் சொன்னபடிதானே..."

"கொம்பு வந்துச்சு. அது யார் தலையில இருந்துச்சுன்னு கேட்டியா? நாரை ஒரு நிமிஷம் நின்னிருந்தா அவனைப் பார்த்திருக்கும். பாறைக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டிருந்திருக்கான், குடுவை எப்ப வரும்னு."

கரடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதது. அழுது என்ன? போன குட்டி வருமா?

அன்று மாலையே சடையன் சபையில் போய் நின்றது. "பொறுப்பு ஏத்துக்கிட்டேன் ஆச்சி. காப்பாத்தலை. என்ன தண்டனைன்னாலும் கொடுங்க."

பேராச்சி துதிக்கையைத் தரையில் போட்டபடி நின்றது.

கூரிதான் பேசியது. "சொன்னேனேடா, கேட்டியா?" என்று ஆரம்பித்த அது முள்ளை மடக்கிக்கொண்டது. "நான் பங்கு கேட்டேன், தூங்கினேன், எல்லாம் நிஜம். ஆனா அந்த முகத்தை நான் பார்த்திருப்பேன். பார்த்ததும் விரட்டியிருப்பேன். அது மட்டுமில்ல. நான் மட்டும் தூங்காம ஒழுங்கா வேலை பார்த்திருந்தா, நீ சட்டத்தை மாத்தச் சொல்லி இங்க வந்தே இருக்க மாட்டே." முள்ளம்பன்றி முகத்தைக் கையால் மூடிக்கொண்டது.

சபை பழைய சட்டத்தையே திரும்பக் கொண்டுவந்தது. பங்கு இனிக் கிடையாது, தூக்கமும் கிடையாது என்று கூரிக்கு உத்தரவு. சடையனுக்குத் தனியாகத் தண்டனை ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு மிச்சம் என்ன இருந்தது!

அடுத்த பூக்காலமும் வந்தது. சடையன் பாறைக்குழியில் பூவே போடவில்லை. பசிக்கு இரண்டு பூ தின்றுவிட்டு மர நிழலில் உட்கார்ந்திருக்கும். புதுசாகப் பிறந்த மான்குட்டிகள், "அது யாரும்மா, அந்த மாமா?" என்று அருகே போகப் பார்க்கும். தாய்மான்கள் குட்டிகளை மூக்கால் தள்ளி, வேறு பக்கமாக ஓட்டிக்கொண்டு போய்விடும். சடையன் அவற்றைக் கூப்பிட்டதே இல்லை.

கொடுக்கிற பொருள் கேடு செய்யக்கூடியது என்று தெரிந்தும் அடையாளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு முகம் பார்க்காமல் அனுப்புகிறவர், தான் வைத்த விதியைக் காப்பாற்றினாலும் உயிரைக் காப்பாற்ற மாட்டார்.