வாலைப் போகவிடாத தலைப்பிரட்டை

ஒரு காட்டில், மழைக்காலத்தில் மட்டும் நிறையும் குட்டை ஒன்று இருந்தது. அதில் மொழுக்கன் என்றொரு தலைப்பிரட்டை இருந்தான். தன் வால் என்றால் அவனுக்கு உயிர். பொழுதுக்கும் அதை ஆட்டி ஆட்டிப் பார்த்துப் பூரித்துப்போவான். அப்படி ஒரு பெருமை, கேட்டீர்களா!

ஒருநாள் காலை கண் விழித்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடம்பில் நான்கு கால்கள் முளைத்திருந்தன. வாலோ பாதியாகச் சுருங்கிக் கிடந்தது!

"ஐயையோ! என் வாலே, உனக்கு என்ன ஆயிற்று?"

"நான் சாகத் தொடங்கிவிட்டேன்," என்றது வால், அமைதியாக.

"சாவதா? யார் உன்னைக் கடித்தது?"

"யாரும் கடிக்கவில்லை. கால் முளைத்ததும் கரைந்துபோ என்று முட்டைக்குள்ளேயே எனக்குச் சொல்லி வைத்திருக்கிறது. நான் கரைந்தால்தான் நீ தவளையாவாய். குட்டை வற்றினால் தாவிக் கரையேறுவாய்."

மொழுக்கன் விக்கி விக்கி அழுதான்.

கோரைப்புல்லுக்குள் கிடந்த தண்ணீர்ப் பாம்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. தவளைகள் தாவித் தாவித் தப்பிவிடுவதால் அதற்குச் சரியான பட்டினி.

"அடப் பாவமே!" என்றது பாம்பு. "இந்த அழகு வாலைச் சாகவிடுவார்களா, தம்பி? என்னைப் பார். உடம்பே வால்தான். நான் என்ன கெட்டா போனேன்?"

"அதானே, மாமா! நான் இப்போது என்ன செய்ய?"

"அந்தக் கட்டளையை மறந்துவிடு என்று வாலிடம் சொல். தின்பதையெல்லாம் அதற்கே ஊட்டு."

மொழுக்கன் கெஞ்சினான், கொஞ்சினான், வாலைக் கட்டிக்கொண்டு கதறினான். பாவம், வாலும் மனம் இளகிவிட்டது. கரைவதை நிறுத்தியது. பிறகு வளர்ந்தது.

முதலில் மொழுக்கனுக்கு ஒரே கும்மாளம். ஆனால் வால் நிற்கவில்லை. தடித்தது, புடைத்தது, கட்டி கட்டியாக வீங்கியது. அவன் தின்றதையெல்லாம் அதுவே இழுத்துக்கொண்டது. அவன் கால்கள் குச்சியாயின.

வெயில் காலம் வந்தது. வாலை விட்டுத் தவளையாகியிருந்த தங்கை சொட்டி, கரையிலிருந்து கத்தினாள்: "அண்ணா, தண்ணீர் வற்றுகிறது! சீக்கிரம் ஏறி வா!"

மொழுக்கன் எம்பினான். எம்பிய இடத்திலேயே பொத்தென்று விழுந்தான்.

"வாலே, போதும்! இனி வளராதே!"

"போதும் என்றால் என்ன?" என்று கேட்டது வால்.

அதற்குள் சேற்றில் ஏதோ சரசரவென்று ஊர்ந்து வந்தது.

"என்ன தம்பி, சௌக்கியமா?" என்று கேட்ட பாம்பு, வாலைக் கவ்வியது.

"மாமா! நீங்களா? நீங்களா இப்படி?" என்று அலறினான் மொழுக்கன். பாம்பு வாயைத் திறக்கவில்லை. அவன் வாலைப் பார்த்துக் கதறினான்: "போய்விடு! இப்போதாவது என்னை விட்டுப் போய்விடு!"

"போவது எப்படி என்பதைத்தான் நீ என்னை மறக்கவைத்துவிட்டாயே," என்றது வால்.

கரையில் நின்ற சொட்டி, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

நீதி: போகவேண்டிய வேளையில் போகவிடாமல் பிடித்து வைத்தது, பிறகு நம்மைப் போகவிடாது.