தொட்டியில்லாத கக்கூஸ்

கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் பாவாயி குழாய் வேலை பார்த்தாள். ஊர் சுற்ற வசதியாகப் படுக்கையும் கக்கூஸும் வைத்து வேன் கட்டச் சொல்லியிருந்த மில் முதலாளி தெய்வசிகாமணி, அவள் மாட்டியிருந்த கழிவுத் தொட்டியைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்.

"இதை யாரு சுமந்து கொட்டுறது? கழட்டு. அடியிலே ஓட்டை போடு. வண்டி ஓட ஓட ரோட்டிலே போயிடட்டும்."

பாவாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, ரோட்டிலே சனங்க போறாங்களே!"

"சொன்னதைச் செய். இல்லேன்னா பட்டறைக்காரர்கிட்டே சொல்லி, நாளையிலிருந்து உனக்கு இங்கே வேலை இல்லாமப் பண்ணிடுவேன்."

அவள் ஓட்டை போட்டாள். "ஒருதரம் ஓட்டிப் பார்த்துடலாங்க. நீங்க காரிலே பின்னாலேயே வந்து பாருங்க" என்றாள்.

புறவழிச் சாலையில் பட்டறை டிரைவர் ஓட்டிய வேன் வேகமெடுத்ததும், உள்ளே இருந்த பாவாயி கக்கூஸில் ஒரு வாளியைக் கவிழ்த்தாள். அடுத்த நொடி முதலாளியின் வெள்ளைக் கார்மேல் மஞ்சளாகச் சளப்பென்று அடித்தது. சன்னல் வழியே அவர் மீசையிலும் தெறித்தது. அலறிக்கொண்டு காரை நிறுத்தி இறங்கியவர், வாயைத் திறக்கவே பயந்து நின்றார்.

வேனை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பாவாயி ஓடிவந்தாள். "வெறும் கடலைமாவுத் தண்ணிதானுங்க ஐயா. நிசமானது, நாளைக்கு உங்க பின்னாலே வர்றவங்களுக்கு."

அவர் மீசையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"தொட்டியை மாட்டும்மா" என்றார். "இருக்கிறதிலேயே பெரிசா."