நெஞ்சைப் பிசைவதற்கு ஒரு சொல்

"வலிய இங்கிலீஷ்ல சொல்ல வரமாட்டேங்குது, மேடம். வெட்கமா இருக்கு."

சொன்னவர் இன்பசேகரன். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பத்து வருடம் இருந்துவிட்டு, நாற்பத்தோரு வயதில் மேற்படிப்புக்கு வந்த டாக்டர். அவர் முன்னால் உட்கார்ந்திருந்த பேராசிரியை சபீரா அவரைவிட நான்கு வயது இளையவர்.

"எந்த வலி?"

"ஏழாம் கட்டில் வேலுத்தாய். முந்தாநாள் நீங்க லீவு. ரவுண்ட்ஸ்ல அந்தம்மா, 'நெஞ்சப் போட்டுப் பிசையுது'ன்னாங்க. அத இங்கிலீஷ்ல சொல்லத் தெரியாம வாயத் திறந்துக்கிட்டு நின்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

சொல்லும்போதே அவருக்குக் காது சிவந்தது. இரண்டு பெண்களுக்குத் தகப்பன். சிரித்ததெல்லாம், அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளும் வயதில் இருந்த சக மாணவர்கள்.

"அப்புறம்?"

"நேத்து நல்லவேளையா அவங்களே 'எரியுது'ன்னுட்டாங்க. 'பர்னிங்'னு எழுதிட்டேன். யாரும் சிரிக்கல. முதல் நாள் ஈசிஜியும் சரியாத்தான் இருந்துச்சு. அல்சருக்கு மருந்து போகுது."

ஆனாலும் அந்தப் பிசைதல் அவரை விடவில்லை. இரண்டு அகராதிகளைப் புரட்டிப் பார்த்திருந்தார்.

"அதுக்குச் சரியான வார்த்தை என்ன, மேடம்?"

சபீரா எழுந்து விறுவிறுவென்று வார்டுக்கு நடந்தார். இன்பசேகரன் பின்னாலேயே ஓடினார்.

வேலுத்தாய் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"இப்ப எப்படி இருக்கும்மா?"

வேலுத்தாய் முதலில் இன்பசேகரனைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார்.

"எரியுதும்மா."

"வாயால வேணாம். கையால காட்டுங்க."

அந்தக் கை நெஞ்சின் நடுவே போனது. விரல்கள் மடங்கின. முஷ்டி இறுகியது, தளர்ந்தது, மறுபடியும் இறுகியது.

சபீரா நர்ஸைக் கூப்பிட்டார். "ஈசிஜி. இப்பவே."

இந்த முறை காகிதம் பாதி வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது. மாரடைப்பு. இருதயப் பிரிவுக்குக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சர் வந்தது.

ஒரு நாள் முழுதும் வீணாகியிருந்தது. கேஸ் ஷீட்டில் இருந்த தன் கையெழுத்தைப் பார்க்கவே இன்பசேகரனுக்குக் கூசியது.

ஸ்ட்ரெச்சரோடு நடந்துகொண்டே குனிந்து கேட்டார்.

"பிசையுதுன்னுதானம்மா முதல்ல சொன்னீங்க. ஏன் மாத்திச் சொன்னீங்க?"

வேலுத்தாய்க்கு மூச்சு வாங்கியது. அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நான் பிசையுதுன்னு சொல்லப்போய்த்தானய்யா அத்தன பேரும் உங்களப் பாத்துச் சிரிச்சாக."