ஒரு துளி போரான்

அந்த மலையடி மடத்தில் காவி கேட்டு வருபவர்கள் ஒரு மண்டலம் வீட்டாரோடு பேசக்கூடாது. வந்த அன்றே செல்போனைக் கொடுத்துவிட வேண்டும். சோலையப்பனும் கொடுத்தார். ஆனால் அவரிடம் இருந்தவை இரண்டு. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவருக்கு ஒளிக்க இடமா தெரியாது? இரண்டாவதை மொட்டைமாடி சோலார் தகட்டுக்கு அடியில் வைத்தார். பேட்டரியிலிருந்து ஒரு வயர் இழுத்து அங்கேயே சார்ஜும் ஏற்றினார்.

நாற்பத்தேழு நாள் ஓடிவிட்டது. மறுநாள் தீட்சை. காலையிலிருந்து ஒன்பது தடவை தகடு துடைக்கிற சாக்கில் மாடிக்குப் போய்விட்டார். பத்தாவது தடவை மாடியில் அம்மை உட்கார்ந்திருந்தார். மடத்தின் தலைவி, சோலையப்பனைவிட இருபது வயது இளையவர். மடியில் அந்தப் போன்.

"யார்கிட்ட பேசணும்?"

"மக வேணிகிட்டம்மா. தலைப்பிரசவம். ராத்திரியே வலி எடுத்துருச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. காவி கட்டத் தகுதியில்ல, வீட்டுக்குப் போகவும் மனசில்ல. ரெண்டுங்கெட்டானா நிக்கிறேன். ஒண்ணு காவியைக் குடுங்க, இல்ல விரட்டி விடுங்க."

அம்மை தகட்டைத் தட்டினார். "இதுக்குள்ள என்ன இருக்கு?"

சோலையப்பனுக்கு எரிச்சல் வந்தது. "சிலிக்கான்."

"உலோகமா?"

"இல்லம்மா."

"அப்ப கந்தகம் மாதிரி அலோகமா?"

"அதுவும் இல்ல. நடுவுல நிக்கிறது. உலோகப்போலின்னு பேரு."

"கழட்டிட்டு நல்ல செம்புத் தகடா மாட்டுங்களேன்."

"கரண்ட் வராது."

"கந்தகம் வச்சா?"

"அதுலயும் வராது. இதுலதான் வரும்." போனைவிட்டு அவர் கண் நகரவில்லை.

"அப்ப துளி கலப்பில்லாத சுத்தமான சிலிக்கானா இருக்கும்."

"வெறும் சுத்தம் ஆகாதும்மா. முதல்ல நல்லா சுத்தம் பண்ணுவாங்க. அப்புறம் அவங்களே கலப்பா துளி போரான், துளி பாஸ்பரஸ் சேர்ப்பாங்க. அது இல்லேன்னா..." சோலையப்பன் நிறுத்திக்கொண்டார்.

போன் அதிர்ந்தது. மாப்பிள்ளை பெயர் தெரிந்தது. அம்மை அதை நீட்டினார். வாங்கக் கை எழவில்லை அவருக்கு.

"இதை எடுத்தா நாப்பத்தேழு நாளும் வீணாப் போயிருமேம்மா."

"நாப்பத்தேழு நாள் சுத்தம் பண்ணியாச்சு," என்றார் அம்மை. "இப்ப எடுங்க."