வெளியே வராத குழாய்

வையாபுரியின் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க டாக்டருக்குக் கால் மணி நேரம்தான் பிடித்தது. அதற்கப்புறம் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அந்த மனுஷன் பட்ட பாட்டுக்கு முன்னால் உங்கள் பொறுமையெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

வையாபுரி கல்யாணச் சமையல்காரர். அன்று ராத்திரி அறுநூறு பேருக்கு வரவேற்புச் சாப்பாடு. நாலு மணிக்குள் மண்டபத்துக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாக வேண்டும். ஆட்கள் காய் நறுக்குவார்கள், தேங்காய் துருவுவார்கள், உப்பில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். அது அவர் கையால்தான் விழ வேண்டும். ஆனால் ஒரு மாதமாக நெஞ்சுக்குக் கீழே ஒரே எரிச்சல். சரி, காலையிலேயே எண்டோஸ்கோபியை முடித்துவிடலாம் என்று வெறும் வயிற்றோடு வயிற்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். போன நேரம் சரியில்லை.

டாக்டர் மங்கையர்க்கரசி மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாயை விட்டு, இரைப்பையைப் பார்த்து, சிறுகுடலின் முனை வரை போய், சந்தேகத்துக்குத் துளியூண்டு சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்தது.

"ஒண்ணும் இல்லைங்க, காரத்தைக் குறைங்க. கோடிங் ரூம்ல பேப்பர் முடிஞ்சதும் நீங்க கிளம்பலாம்" என்றார் டாக்டர்.

கோடிங் ரூமில் மூன்று பேர். டாக்டர் செய்ததையெல்லாம் நம்பராக மாற்றி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புவது இவர்கள் வேலை. குழாய் இவ்வளவு தூரம் போனால் இந்த நம்பர், சதையைக் கிள்ளினால் அந்த நம்பர் என்று ஒரு தடிப் புத்தகம் உண்டு. தலைவர் கோதண்டபாணி. அவருக்குக் கீழே பிலோமினாவும் துரைக்கண்ணுவும். மூவரும் சென்னைக்குப் போய் இரண்டு நாள் பயிற்சி எடுத்தவர்கள். அங்கே பாடம் நடத்தியவர் முதல் நாளே ஒன்று சொல்லிவிட்டார்: ரிப்போர்ட்டில் எழுதாதது நடக்கவே இல்லை.

வேறு யாராவது என்றால் இதைத் தொழிலுக்கு ஒரு எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டு காபி குடிக்கப் போயிருப்பார்கள். இவர்கள் அப்படியே மனசில் வாங்கிக்கொண்டார்கள். துரைக்கண்ணுவுக்குப் போன மாதம் கல்யாணம் ஆனது. பதிவுச் சான்றிதழ் கைக்கு வரும் வரைக்கும் பெண்டாட்டியை "மேடம்" என்றுதான் கூப்பிட்டார்.

வையாபுரி அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது.

"சார், கிள்ளினதுக்கு நம்பர் போட்டா பார்த்ததுக்குத் தனியா நம்பர் கிடையாது. புத்தகத்துல இருக்கு" என்றாள் பிலோமினா.

"ஆமா. அதுக்கென்ன?" என்றார் கோதண்டபாணி.

"அப்ப டாக்டர் பார்க்கலைன்னுதானே அர்த்தம்?"

துரைக்கண்ணுதான் மெதுவாகக் கேட்டார், "பார்க்காம எப்படிக் கிள்ளியிருப்பாங்க?"

"கண்ணை மூடிக்கிட்டுத்தான்" என்றார் கோதண்டபாணி. வருத்தமாகத்தான் சொன்னார்.

மூவரும் வரிசையாக டாக்டரிடம் போனார்கள். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, 'கண்ணைத் திறந்துகொண்டே கிள்ளினேன்' என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்தார். அப்போது மணி பதினொன்று.

சரி, தொலைந்தது என்று வையாபுரி எழுந்தார். துரைக்கண்ணு ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஐயா, அசையாதீங்க. குழாய் உள்ள போச்சுன்னு எழுதியிருக்கு. வெளிய எடுத்ததா எழுதலை."

"வெளிய எடுத்தாச்சுங்க. எடுக்காமயா நான் உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கேன்?"

"பேச வேண்டாங்க. மயக்கத்துல பேசினா நாக்கைக் கடிச்சுக்குவீங்க. நீங்க முழிச்சதும் எழுதலை."

பிலோமினா செல்போன் வெளிச்சத்தை அடித்து அவர் வாய்க்குள் பார்த்தாள். "தெரியலை சார். ரொம்ப உள்ள போயிருக்கணும்" என்றாள்.

மறுபடியும் டாக்டர். மறுபடியும் ஒரு வரி: 'குழாய் வெளியே எடுக்கப்பட்டது, நோயாளி விழித்தார்.' மணி பன்னிரண்டரை. மண்டபத்திலிருந்து வையாபுரிக்குப் போன் வந்தது. காய் நறுக்கியாகிவிட்டது, பாகற்காயும் அதில் சேர்ந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டார்கள். பட்டினி வயிற்றில் அவருக்கு நிஜமாகவே எரிய ஆரம்பித்தது.

உள்ளே விவாதம் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது.

"வாய் வழியா உள்ள போச்சுன்னு இருக்கு. எந்த வழியா வெளிய வந்துச்சுன்னு இல்லையே?" என்றார் கோதண்டபாணி.

"அதே வழியாத்தான் சார் வந்திருக்கும்" என்றார் துரைக்கண்ணு.

"நீ பார்த்தியா? போன திசையிலேயே போய் அந்தப் பக்கமா வந்திருந்தா அது கொலனோஸ்கோபி, பெருங்குடல் டெஸ்ட். அதுக்கு வேற நம்பர்."

"அந்தப் பக்கம்னா முப்பது அடிக்கு மேல வரும் சார்."

"அதான், சின்னப் பிழை இல்லைன்னு சொல்றேன்."

இந்த முறை டாக்டர் மங்கையர்க்கரசிக்குப் பொறுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதித் தள்ளினார். குழாய் போன வழியே திரும்பியது, நோயாளி இருமினார், கொட்டாவி விட்டார், சட்டை மாட்டினார், எழுந்தார், நடந்தார். கீழே கையெழுத்துப் போட்டு, "இதுல இல்லாத ஒண்ணைக் கண்டுபிடிச்சா என்னை வந்து கேளுங்க" என்று கொடுத்தார். மணி மூன்று.

மூவரும் ஆறு பக்கத்தையும் வரிவரியாகப் படித்தார்கள். பிலோமினாவுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு பூரணமான ரிப்போர்ட்டை அவள் பார்த்ததில்லை.

"கிளம்பலாமாங்க?" என்றார் வையாபுரி.

"நடந்தார்னுதான் இருக்கு. நின்னார்னு இல்லை" என்றார் துரைக்கண்ணு. "நீங்க இப்ப நின்னுக்கிட்டிருக்கீங்க."

வையாபுரிக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பது வருஷத் தொழிலில் ஒரு நாள்கூட அவர் அடுப்புக்குத் தாமதமாகப் போனதில்லை. அறுநூறு பேர் பாகற்காய் சாம்பாருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் வந்து போனது. ஆத்திரத்தில் மேஜைமேல் இருந்த ஃபைலைப் பிடுங்கிப் புரட்டினார். ஆறு பக்கமும் நோயாளி, நோயாளி என்றுதான் இருந்தது. முதல் தாளுக்கு வந்தார். பெயர், ஊர், வந்த நேரம் எல்லாமே காலி. காலையில் அவர் வந்தபோது கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் ஓடவில்லை, அப்புறம் பதிந்துகொள்ளலாம் என்று உள்ளே விட்டவர்கள் அதோடு மறந்துவிட்டார்கள்.

நாள் முழுக்க இவர்கள் பேச்சைக் கேட்டதில் வையாபுரிக்கும் தொழில் பிடிபட்டிருந்தது. தாளைக் கோதண்டபாணி முன்னால் வைத்தார்.

"சார், நான் இங்க வந்தது எங்க எழுதியிருக்கு?"

கோதண்டபாணி பார்த்தார். பிலோமினா பார்த்தாள். துரைக்கண்ணு தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"எழுதலைங்களே."

"அப்ப நான் வந்தேனா?"

"வரலைங்க" என்றார் கோதண்டபாணி. சட்டென்று அவர் குரல் மாறியது. "அப்புறம் எதுக்கய்யா காலையிலேருந்து இங்க உட்கார்ந்திருக்கீங்க? பேஷன்ட் ஃபைலை வெளியாள் தொடலாமா? வாட்ச்மேனைக் கூப்பிடு."

வாட்ச்மேன் வையாபுரியின் கையைப் பிடித்து வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து வெளியே விட்டான். வாழ்க்கையில் யாருக்கும் அவர் அவ்வளவு சந்தோஷமாக நன்றி சொன்னதில்லை. ஆட்டோ பிடித்து நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மண்டபத்தில் இறங்கி, முதல் வேலையாகப் பாகற்காயைப் பொறுக்கி வெளியே போட்டார்.

ஏழு மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்த நேரம் போன் வந்தது. சதைப் பரிசோதனை முடிவைச் சொல்லக் காலையில் அவர் நம்பரை வாங்கி வைத்திருந்த டாக்டர் மங்கையர்க்கரசி.

"வையாபுரி, நான் வீட்டுக்குப் போகணும். இவங்க என்னை விட மாட்டேங்கறாங்க. அந்த ஆறு பக்கத்துல என் பேரு ஒண்ணுதான் இருக்காம். அதனால குழாய் விட்டது எனக்குத்தானாம். நான் டாக்டர்னு கொஞ்சம் சொல்லுங்க."

வையாபுரிக்குப் பாவமாக இருந்தது. போனைக் கோதண்டபாணியிடம் கொடுக்கச் சொன்னார்.

"சார், அந்தம்மா காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. விட்டுடுங்க. ஒரு கையெழுத்துப் போட்டா அனுப்பிடலாமில்ல?"

"போட்டாச்சுங்க, அதான் சிக்கல்" என்றார் கோதண்டபாணி. "பேஷன்ட் தனக்குத்தானே கையெழுத்துப் போட்டா செல்லாது. டாக்டர் போடணும். மூணு பேரும் மாடி மாடியா தேடிட்டோம், ஆளைக் காணோம். நீங்க டாக்டரம்மாவை அந்தப் பக்கம் எங்கயாவது பார்த்தீங்களா?"